நீ தமிழில் எழுதிய வீடு

இன்று காலை, குளிர் தொடங்கிய பிறகு முதல் தடவையாக ஹீட்டரைத் திறந்தேன். சுவருக்குள் குழாய் டக், டக் என்று தட்டியது. உன் கதையின் முதல் வரி அந்தச் சத்தம்தான். உடனே ஹீட்டரை அடைத்துவிட்டுக் குளிரிலேயே உட்கார்ந்து உனக்கு எழுதுகிறேன்.

ஜெர்மனியின் பீலெஃபெல்ட் நகரத்தில், நான் வேலை செய்யும் நூலகத்துக்கு நீ முதலில் வந்தபோது, யாழ்ப்பாணத்திலிருந்து கலியாணமாகி வந்து எட்டு மாதம். ஜெர்மன் வகுப்பு முடிந்து கணவர் வந்து கூட்டிப்போகும்வரை உனக்கு ஒரு மணிநேரம் இருந்தது. "அக்கா, பழைய பேய்க்கதையள் இருக்கோ?" என்று கேட்டாய்.

அகராதியை நடுவில் வைத்து ஜெர்மன் பேய்க்கதைகளை இருவரும் வாசித்தோம். இருநூறு வருடத்துப் பயங்களுக்குள் நீதான் ஒரு வழியைக் கண்டாய். "முதல் எழுதினவை பேயைக் கோட்டையிலை வைச்சினம். பிறகு வந்தவை சாதாரண வீட்டுக்குள்ளை கொண்டுவந்தினம். சில பொம்பிளையள் பேயையே எடுத்துப்போட்டினம், அக்கா. பூட்டின அறையும், அவள் சொல்லுறதை நம்பாத ஆக்களும் போதும் எண்டு."

பிறகு நீயே எழுதத் தொடங்கினாய். ஜெர்மனில் எழுதினால் போட்டிக்கு அனுப்பலாமே என்றேன்.

"வேண்டாம். இவர் இங்கை பிறந்து வளந்தவர். தமிழ் கதைப்பார், வாசிக்கத் தெரியாது" என்று சிரித்தாய். நானும் சிரித்தேன்.

உன் கதையில், மூன்றாம் மாடியில் ஒரு வீடு. எல்லோரிடமும் அன்பாகப் பேசும் கணவன். அத்தியாயத்துக்கு ஒன்றாக மனைவியின் சாவிகள் காணாமல் போகின்றன. முதலில் தபால்பெட்டிச் சாவி, பிறகு நிலவறைச் சாவி, கடைசியில் வீட்டுச் சாவி. 'கணவன் இவ்வளவு மென்மையாக இருந்தால் பயம் வராது, ஒருதடவையாவது கத்தட்டும்' என்று ஓரத்தில் பென்சிலால் எழுதிக் கொடுத்தேன்.

"கத்தமாட்டார், அக்கா" என்றாய்.

'கத்தமாட்டான்' என்று சொல்லவில்லை. அதுவரை அந்தக் கணவனை 'அவன்' என்றுதான் சொல்லி வந்தாய். அன்று அது என் காதில் ஏறவில்லை.

மாசி மாதம் நீ வருவது நின்றது. தொலைபேசியை உன் கணவர் எடுத்தார். "அவ படுத்திருக்கிறா. இப்ப கதைக்க ஏலாது." மூன்றாவது கிழமை நேரில் போனேன். என் குளிர்ச்சட்டையை வாங்கி மாட்டினார், தேத்தண்ணி போட்டுத் தந்தார். "காய்ச்சல்தான். நித்திரை கொள்ளுறா, எழுப்பவேண்டாம்." படுக்கையறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே இருமல் கேட்டது. கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை. நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

நான் வந்துபோன ஐந்தாம் நாள் நீ இல்லை. நிமோனியா, வைத்தியரிடம் காட்டப் பிந்திவிட்டது என்றார்கள்.

மயானத்து மண்டபத்தில் உன் கணவரைச் சுற்றி நின்ற எல்லோரும் அவருக்காக அழுதார்கள். அவர் என்னிடம் நீ கதை எழுதிய கொப்பியை நீட்டினார். "எனக்கு இது வாசிக்கத் தெரியாது. கதை எண்டா அவவுக்கு உயிர். நீங்கள் வைச்சிருங்கோ."

கடைசிப் பக்கங்களில் எழுத்து கோணலாக ஓடியிருந்தது. காய்ச்சலில் கிடக்கும் மனைவியைப் பார்க்க ஒரு சிநேகிதி வருகிறாள். சுவருக்கு அப்பால் கோப்பையை வைக்கும் சத்தம். கதவு வெளியே பூட்டியிருக்கிறது. கூப்பிடக் குரல் வரவில்லை. இருமிப் பார்க்கிறாள். பிறகும் இருமிப் பார்க்கிறாள். சிநேகிதி நன்றி சொல்லிவிட்டுப் போகிறாள்.

முழுவதையும் ஜெர்மனில் மொழிபெயர்த்துப் பொலிசிடம் கொண்டுபோனேன். "இது கதை என்றுதானே நீங்களும் சொல்கிறீர்கள்?" என்று கேட்டார் அங்கிருந்த அதிகாரி. "ஓம், கதைதான். அவளுக்கு வேறு விதமாகச் சொல்ல வழியிருக்கவில்லை" என்றேன். மாதக்கணக்கில் ஒரு பதிலும் இல்லை. போன கிழமைதான் கடிதம் வந்தது. அந்த அறைக் கதவுக்கு வெளிப்பூட்டுப் போட்டுக் கொடுத்தவரைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை நான் வந்து வாக்குமூலம் கொடுக்க டெர்மின் குறித்திருக்கிறார்கள்.

உன் வரிகளை இனி நான் திருத்துவதில்லை. என்னிடம் மீதியிருப்பது நான் சொல்லவேண்டியது மட்டும்தான். அதை ஜெர்மனில் எழுதி, சத்தமாக வாசித்துப் பழகுகிறேன். 'அந்த வீட்டில் நான் அரை மணிநேரம் இருந்தேன். அவளுடைய இருமல் எனக்குக் கேட்டது. நான் எழுந்து அந்தக் கதவைத் திறக்கவில்லை.'