கண்ணாடிக் கடலுக்கு நல்ல தண்ணீர்

என் பிரியமுள்ள கயித்தான் மச்சானுக்கு,

அங்கே மூச்சிரைப்பு இல்லாமல், இருமல் இல்லாமல் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாளை கல்லறைத் திருநாள். அக்கா பூவும் மெழுகுதிரியும் வாங்கி வைத்துவிட்டாள். நானும் வருவேன், உங்கள் தலைமாட்டில் நிற்பேன். ஆனால் நின்றால் பேச்சு வராது என்று எனக்குத் தெரியும். அதனால் இன்றைக்கே எழுதிவிடுகிறேன்.

நாலு பேர் படிக்கும்படி இதை எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாரும் கேட்கத்தான் உங்களிடம் பொய் சொன்னேன். நிஜத்தையும் எல்லாரும் கேட்கச் சொல்வதுதான் முறை. உங்களைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை: நீங்கள் என் ரோசம்மா அக்காவின் புருஷன், சங்கு குளிக்கிறவர், இளவட்டத்தில் முத்தும் குளித்தவர். நான் உப்பளத்துக் கங்காணி. கடல் தண்ணீரைப் பாத்தியில் பாய்ச்சி, வெயிலில் காயவிட்டு, உப்பாக்கி வாரச் சொல்வது என் பிழைப்பு. படிக்கிறவர்கள் இதை மட்டும் மறக்க வேண்டாம்.

முதலில் ஊர்ச் செய்தி. உலகச் சண்டை முடிந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது, இன்னும் அரிசிக்கு வரிசையில்தான் நிற்கிறோம். குண்டுக்குப் பயந்து தெருவிளக்குகளில் பூசியிருந்த கறுப்பைச் சுரண்டிவிட்டார்கள். குடிதண்ணீர்க் கஷ்டம் மட்டும் நீங்கள் விட்டுப்போனபடியே இருக்கிறது. அக்கா இன்னும் குழாயடியில் சண்டை போடுகிறாள், இன்னும் ஜெயிக்கிறாள். கவலைப்பட வேண்டாம்.

டாக்டர் உங்கள் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, "இனிமே கடல்ல முங்கினா மேல வரமாட்டீர்" என்று சொன்ன நாள் நினைவிருக்கிறதா? அன்றிலிருந்து நீங்கள் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டீர்கள். சோறு வேண்டாம், பேச்சு வேண்டாம். அக்கா உப்பளத்துக்கே என்னைத் தேடி வந்து அழுதாள். "ஏலே சூசை, மனுசன் செவுத்தப் பாத்தே கெடக்காருலே. கடலு இல்லாம செத்துருவாரு போலுக்கு. வந்து ஏதாவது சொல்லுலே" என்றாள். எனக்குச் சொல்ல என்ன தெரியும்? வந்து கால்மாட்டில் சும்மா உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் நாள் நீங்களே திரும்பிப் படுத்து, "மாப்ள, நான் ஒரு கடல் செய்யப் போறேன்" என்றீர்கள். காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன்.

காய்ச்சல் இல்லை. சங்கு கொடுக்கப் போன இடத்தில், ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் பங்களாவில், கண்ணாடிப் பெட்டிக்குள் கடல் தண்ணீரும் பாசியும் மீனும் உயிரோடு இருந்ததை நீங்கள் பார்த்திருந்தீர்கள். அந்தத் தண்ணீரை மாற்றவே வேண்டாமாம். பாசி வெயிலை வாங்கி மூச்சு விடும், அந்த மூச்சை மீன் வாங்கும், மீன் கழிப்பதைப் பாசி தின்னும். "யாரு கையையும் எதிர்பாக்காம தன்னால பிழைச்சுக்கிடும்லே" என்று சொன்னபோது உங்கள் முகத்தில் ரத்தம் ஓடியதை நான் பார்த்தேன். அப்போதே இந்தப் பைத்தியத்துக்குத் துணை நிற்பது என்று முடிவு செய்துவிட்டேன்.

சண்டைக் காலத்தில் கண்ணாடிக்கு எங்கே போவது? நீங்கள் போனது வீட்டுச் சுவருக்கு. மாதா, அந்தோணியார், சவேரியார், திருக்குடும்பம் என்று நாலு படங்களையும் இறக்கிக் கண்ணாடியைக் கழற்றிவிட்டீர்கள். பூசை முடிந்து வந்த அக்கா போட்ட கூச்சல் மூன்று தெருவுக்குக் கேட்டது.

"ஏசுவே! மாதாவ இப்படி ஈ மொய்க்க விட்டுட்டீங்களே, நல்லா இருப்பீங்களா?"

"மாதாவுக்கு எதுக்குளா கண்ணாடி? அவ என்ன தண்ணிக்குள்ளயா நிக்கா?" என்றீர்கள். அக்கா சிரிப்பை அடக்க முந்தானையைக் கடித்ததை நீங்கள் பார்க்கவில்லை. பல நாளுக்குப் பிறகு அவள் அழாமல் நின்றது அன்றுதான்.

தோணி ஆசாரியிடம் மிஞ்சிய தேக்கு வாங்கிச் சட்டம் அடித்தோம். கண்ணாடியும் மரமும் சேருகிற இடத்தில், தோணிக்கு அடைப்பதுபோலவே பஞ்சைத் திணித்து, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சி ஊற்றினீர்கள். இரண்டு தடவை ஒழுகி வீடெல்லாம் வெள்ளம். அக்கா பழந்துணியோடு நின்று நம் இரண்டு பேர் பரம்பரையையும் ஏசினாள். மூன்றாம் தடவை நின்றது. துறைமுகத்துக்குள் எண்ணெய் மிதக்கிறது என்று, தோணியில் வெளியே போய் மண்பானைகளில் தெளிந்த தண்ணீர் கொண்டுவந்தேன். மணல், பாசி பிடித்த கல், இரண்டு நத்தை, விரல் நீளத்தில் ஒரு வரி மீன். கிழக்கு ஜன்னலோரம் வைத்தோம். முதல் வாரம் கலங்கி நாறியது. "பொறுலே, அது தன்னைத்தானே சரி பண்ணுது" என்றீர்கள். சரி பண்ணியது. மீனைப் பார்த்துக்கொண்டே நீங்கள் இரண்டாம் தடவை சோறு கேட்டீர்கள்.

அதற்குப் பிறகுதான் சிப்பி வந்தது. உங்கள் கூட்டாளி எடுத்த சங்கின் முதுகில் ஒட்டிக்கொண்டு, காலணா அகலத்தில் ஒரு முத்துச்சிப்பி. முத்துச்சிப்பி சர்க்கார் சொத்தாயிற்றே, ஒன்றை எடுத்தாலும் குற்றமாயிற்றே என்று நான் நடுங்கினேன். "நான் எங்கலே எடுத்தேன்? அதுவால்ல வந்துருக்கு" என்று சொல்லிப் பெட்டிக்குள் இறக்கிவிட்டீர்கள். உள்ளே முத்து இருக்குமா மச்சான் என்று கேட்டேன். முத்துக்குளிப்பு ஊரில் பிறந்த எவனும் கேட்கிற கேள்விதானே? நீங்கள் அதற்குச் சொன்ன பதிலை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

"முத்து கெடக்கட்டும்லே. நான் எத்தனையோ ஆயிரம் சிப்பி பறிச்சிருக்கேன். ஒரு மூச்சு நேரந்தான். உப்புத் தண்ணியில கண்ணு மங்கிரும். கை தடவும், பறிக்கும், கூடையில போடும். கரைக்கு வந்தா குவியலு, நாத்தம். அதுவும் கடலுக்குள்ள வாயத் தொறந்து மூச்சு விடுமாம்லா? ஒண்ணுகூட விடுதத நான் பாத்ததில்ல."

பதினெட்டு நாள் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தீர்கள். ஒரு காலையில் அது திறந்தது. நான் உப்பளத்தில் இருந்தேன். சாயங்காலம் வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, ஓரமெல்லாம் கறுத்த மயிர்போல ஏதோ அசைந்ததை, உள்ளே வெள்ளையாய் மினுங்கியதை நீங்கள் சொன்ன அழகு இருக்கிறதே! பெற்ற பிள்ளைக்கு முதல் பல் முளைத்ததைச் சொல்கிறவன்கூட அப்படிச் சொல்லமாட்டான்.

போன வருஷம் ஆடி மாதம் உங்களுக்கு மூச்சு முட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அக்கா உங்கள் கூடவே இருந்தாள். பெட்டி என் பொறுப்பு. வண்டியில் ஏறும்போது நீங்கள் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "கண்ணாடியில கோடு போட்டுருக்கேன். அதுக்குக் கீழ எறங்கினா தண்ணி ஊத்துலே."

தண்ணி! எந்தத் தண்ணி என்று நான் கேட்டேனா? கேட்கவில்லை. நீங்கள் சொன்னது குடத்துத் தண்ணீர், நல்ல தண்ணீர். எனக்கு அது புத்தியில் ஏறவே இல்லை. கடலில் போய் எவனாவது நல்ல தண்ணீர் ஊற்றுவானா? அதுவும் குடிக்கவே தண்ணீர் இல்லாத நம் ஊரில்? ஆடிக் காற்றில் பெட்டித் தண்ணீர் இறங்க இறங்க, நான் வேலை முடிந்து கால் கடுக்க நடந்து போய், கடல் தண்ணீராகவே கொண்டுவந்து கோடு வரைக்கும் ஊற்றினேன். மச்சானின் கடலுக்கு ஒரு சொட்டுக் கிணற்று நீர்கூடக் கலக்கவிடவில்லை என்று பெருமை வேறு.

காற்று குடித்தது தண்ணீரை மட்டும். உப்பு பெட்டியிலேயே நின்றது. அதன் மேல் நான் தினமும் இன்னும் உப்பு ஊற்றினேன். விளிம்பில் வெள்ளை பூத்தபோது, அழகாக இருக்கிறதே என்று பார்த்துக்கொண்டு நின்றேன். உப்பளத்தில் அந்த வெள்ளையைக் கண்டால் அடுத்தது என்ன என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான் என்பது என்னைப் பார்த்துச் சொன்னதுதான்.

முதலில் நத்தைகள் தண்ணீரை விட்டு மேலே ஏறின. பிறகு மீன். அதை ஆஸ்பத்திரியில் சொல்ல மனம் வரவில்லை, நீங்களும் சிப்பியைத்தான் கேட்டீர்கள். "வாயத் தொறந்துச்சாலே?" இல்லை மச்சான், இல்லை மச்சான் என்று ஐந்து வாரம் நிஜத்தைத்தான் சொன்னேன். ஒரு காலை பார்க்கிறேன், சிப்பி அகலமாக வாய் திறந்து கிடக்கிறது! சட்டைகூட மாற்றாமல் ஓடிவந்தேன். "மச்சான், நல்லாத் தொறந்து கெடக்கு! கண்ணாடியத் தட்டிப் பாத்தேன், அப்பவும் மூடல!" என்று வார்டே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். நீங்கள் சிரித்தீர்கள். "நல்லாப் பாத்துக்கிடு" என்றீர்கள்.

மறுநாள் பெட்டி நாறியது. அன்றும் நீங்கள் கேட்டீர்கள். திறந்திருக்கிறது என்றேன். அதற்கடுத்த நாளும் கேட்டீர்கள். ஓரம் அசைகிறது, உள்ளே மினுங்குகிறது என்று நீங்கள் முன்னால் சொன்னதையே உங்களுக்குத் திருப்பிச் சொன்னேன். பதினோரு நாள் சொன்னேன். பன்னிரண்டாம் நாள் கேட்க நீங்கள் இல்லை.

என்ன தப்பு செய்தேன் என்பது அடக்கம் முடிந்து வேலைக்குப் போன அன்றுதான், பாத்தி வரப்பில் நிற்கும்போது, விளங்கியது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். உங்கள் கடலைக் கொன்றதைவிட, சாகிற மனிதனை ஏமாற்றி அனுப்பினேனே என்பதுதான் ஒரு வருஷமாக என்னைத் தின்றது. அக்கா வீட்டு ஜன்னல் பக்கம் நான் திரும்பிப் பார்த்ததே இல்லை.

போன மாதம் அக்கா கூப்பிட்டு அனுப்பினாள். காலிப் பெட்டியைக் கழுவி முற்றத்தில் காயவைத்திருந்தாள். "ஏலே, இதத் திரும்ப நெறைச்சுக் குடு. வீடு வெறிச்சோடிக் கெடக்கு" என்றாள். என்னால் முடியாது என்றேன். ஏன் என்றாள். அதற்குமேல் தாங்காமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அறைவாள் என்றுதான் நினைத்தேன். அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அவருக்கு அன்னைக்கே தெரியும்லே."

"என்னைக்குக்கா?"

"தட்டுனாலும் மூடலன்னு நீ வந்து குதிச்சியே, அன்னைக்கு. நீ வெளிய போனதும் சொன்னாரு. 'ரோசு, சிப்பி செத்துப் போச்சு. உசுரோட இருக்கது ஒரு நெழலு பட்டாலே மூடிக்கிடும். அவன்ட்ட சொல்லிராத, பாவம்'னாரு."

"பெறவு ஏன்க்கா தெனமும் கேட்டாரு?"

"நானும் அதத்தான் கேட்டேன். 'கேக்காம விட்டா எனக்குத் தெரிஞ்சிட்டுன்னு அவனுக்குத் தெரிஞ்சிரும். பெறவு மூஞ்சியக் காட்டமாட்டான். நாளைக்கும் அவன் வரணும்ளா'ன்னாரு."

நான் ஒரு ஆண்பிள்ளை, கங்காணி, நாற்பது பேரை ஏவி வேலை வாங்குகிறவன். அக்காவின் மடியில் தலையை வைத்து அழுதேன். மச்சான், செத்ததை உயிரோடு இருக்கிறது என்று நான் சொல்லச் சொல்ல, அந்த மூச்சு முட்டுகிற நெஞ்சோடு அடுத்த கேள்வியும் கேட்டீர்களே. என்ன கலர் என்று கேட்டீர்கள். பெரிதாகிவிட்டதா என்று கேட்டீர்கள். நான் அங்கே உங்களைக் கவனித்துக்கொள்ள வருவதாக அல்லவா நினைத்திருந்தேன்?

பெட்டியை நிறைத்துவிட்டோம். பாசி பிடித்துவிட்டது, தண்ணீர் தெளிந்துவிட்டது. அக்கா தினமும் குழாயடியில் சண்டை போட்டுப் பிடித்த குடத்திலிருந்து அரைச் செம்பு நல்ல தண்ணீர் எடுத்து, கோடு வரைக்கும் அவளே ஊற்றுகிறாள். என் கையில் செம்பைத் தருவதில்லை, அது நியாயம்தான். பத்து நாளுக்கு முன் உங்கள் கூட்டாளி இன்னொரு சங்கோடு வந்தார். அதன் முதுகிலும் ஒரு சிறு சிப்பி. அதுவாகத்தான் வந்தது.

நாளை கல்லறையில் நீங்கள் கேட்பீர்கள் என்று எனக்குத் தெரியும். திறக்கவில்லை மச்சான். பத்து நாளும் பார்த்துவிட்டேன், வாயை இறுக்கி மூடிக்கொண்டு உயிரோடு இருக்கிறது. திறந்தால் திறந்தது என்பேன், செத்தால் செத்தது என்பேன். எதுவானாலும் இனி உங்களிடம் உள்ளதை உள்ளபடியே சொல்வேன், சொல்ல ஒன்றும் இல்லாத நாளிலும் வருவேன். இது சத்தியம்.

நீங்கள் மாப்ள என்று கூப்பிட்ட,
ரோசம்மாவின் தம்பி,
உங்கள் மைத்துனன் சூசை