கொண்டைக்குள் வந்த செயின்

சன்னதி முருகன் துணை

பண்டத்தரிப்பு,
17.07.1994

அன்பு மகன் தில்லைநாதனுக்கு,

வலிகாமம் மேற்கிலுள்ள சகல மோட்டார் சைக்கிள்களுக்கும் தண்ணீர் இறைக்கும் மெசின்களுக்கும் இரண்டு தையல் மெசின்களுக்கும் சக்கரவர்த்தியாகிய உன் சித்தப்பன், குஞ்சியப்பு எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் குஞ்சியம்மா கனகாம்பிகையும் உன் அம்மாவும் பசியோடும் பகிடியோடும் சுகமாகவே இருக்கிறோம், நீயும் அந்தப் பனிக்குள் காது மூக்கு ஒன்றும் உதிர்ந்து விழாமல் சுகமாக இருக்கவேண்டுமென்று சன்னதியானைக் கேட்டபடி இருக்கிறோம். அம்மாவின் முழங்கால் வீக்கம் வற்றிவிட்டது, இப்போது என்னைத் துரத்திப் பிடித்து ஏசுமளவுக்கு நடக்கிறா. இரத்தம் குடிக்கிற இந்த வருடத்து நுளம்பு பக்கத்து வீட்டுக் கன்றுக்குட்டியை இரண்டடி உயரத்துக்குத் தூக்கிப் பார்த்துவிட்டுப் பாரம் தாங்காமல் திரும்ப வைத்துவிட்டுப் போனது. மற்றப்படி புதினம் ஒன்றுமில்லை என்று எழுதி முடித்துவிடத்தான் எனக்கு ஆசை மகன், ஆனால் உன் கடிதம் என்னை அப்படி முடிக்க விடவில்லை.

உன் கடிதம் மூன்று மாதம் உலகம் சுற்றி வந்து சேர்ந்தது. நீ அங்கே வண்டி திருத்தும் கராச்சில் வேலைக்குச் சேர்ந்ததும், காடு மேடு பனி எல்லாம் ஏறிப் பாய்கிற நாலு சில்லு வண்டி, பலூன் மாதிரி ரயர், மோட்டார் சைக்கிள் மாதிரி ஹாண்டில், அதன் எஞ்சினைப் பிரித்து, உள்ளே வால்வுகளை ஆட்டுகிற காம் செயினை நீயே தனியாக மாற்றியதும் படித்து எனக்கு நெஞ்சு வீங்கி சேர்ட்டின் இரண்டு பொத்தான் தெறித்தது. என் குணம் உனக்குத் தெரியும். வீட்டில் படித்தால் போதுமா? சங்கக்கடையில் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்ற அறுபது பேருக்கும் நான் அதை உரத்து வாசித்தேன். காந்தச் சில்லைக் கழற்றினது, பழைய செயினை இழுத்தெடுத்துப் புதியதைக் கோத்தது, குறிகளை நேர் பார்த்தது, எஞ்சினைக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றித் திரும்பவும் குறி பார்த்தது, கடைசியில் செயினை இழுத்துப் பிடிக்கும் இறுக்கியின் நட்டைப் பூட்டினது, எல்லாம் வாசித்தேன். வாசித்த வேகத்தில், எங்கள் ஊர்க் கராச்சுக்காரன் சிமியோனைப் பற்றிய அடுத்த வரியும் வாயால் வந்துவிட்டது: சிமியோன் மாதிரி ஆக்களை இங்கை கராச் கூட்டவும் விடமாட்டினம் என்று நீ எழுதியிருந்தாய். வரிசையே சிரித்தது. நிமிர்ந்து பார்த்தால் ஆறாவது ஆளாகச் சிமியோனின் மனிசி லூர்த்தம்மா கானோடு நிற்கிறாள். அவள் சிரிக்கவுமில்லை, ஏசவுமில்லை. அண்ணை, தம்பி ஒழுங்காத்தான் எழுதியிருக்கிறார், கடைசியா நட்டை இறுக்கவேணும் எண்ட இடத்தை இன்னொருக்கா வாசியுங்கோ எண்டாள். நான் கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தேன். என் முறை வர முதலே வெறும் கானோடு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஏனென்று சொல்கிறேன், இதில் ஒரு சொல்லும் கூட்டவில்லை. போன வருடம் மாசியில், நீ வெளிநாட்டுக்கு வெளிக்கிட ஒரு கிழமை இருக்கும்போது உன் அப்பா விட்டுப்போன ஹொண்டா நைன்டி மோட்டார் சைக்கிளுக்கு இதே காம் செயின் நீண்டுபோய் மாற்றவேண்டி வந்தது உனக்கு ஞாபகமிருக்கும். சாமான் தடையால் குடாநாடு முழுக்கத் தேடியும் ஒரு செயின் இல்லை. கொழும்புக்குப் போயிருந்த லூர்த்தம்மா அதை வாங்கிச் சுருட்டித் தன் கொண்டைக்குள் வைத்துப் பின் குத்தி, ஆமிச் சோதனையை நிமிர்ந்த தலையோடு கடந்து வந்தாள். பிடிபட்டிருந்தால் அவள் எங்கே இருந்திருப்பாள் என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. சிமியோன் அதை மிக வடிவாகக் கோத்துத் தந்தான். ஆனால் எஞ்சின் தட்டிற சத்தம் எனக்குப் போகவில்லை. அவன் சொன்னான், அண்ணை அது பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயிலை ஓட்டுறதாலை வாற தட்டல், ஊரிலை ஓடுற எல்லா வண்டியும் இப்ப அப்பிடித்தான் தட்டுது, செயினைத் தொட்டுப்போடாதேங்கோ எண்டு. சக்கரவர்த்திக்கு ஒரு கராச்சுக்காரன் புத்தி சொல்வதா? நீ பயணம் சொல்ல வீடுவீடாகத் திரிந்த அன்று நட்டுக் கழற்றும் உன் பத்தாம் நம்பர் சாவியை எடுத்து இறுக்கியின் நட்டை இளக்கினேன், ஆணியைத் திருகினேன், தட்டல் அப்படியே இருந்தது. அந்த நேரம் உன் அம்மா சாப்பிடக் கூப்பிட்டா. கணவாய்க் கறி. போனேன். நட்டை இறுக்கவில்லை மகன். இறுக்கினேனா என்று பிறகு ஒரு தடவையாவது யோசித்ததும் இல்லை.

மற்ற நாள் விடியவே நீ ஓட்ட நான் பின்னால் உன் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வள்ளத்துறையுள்ள கிளாலிக்கு வெளிக்கிட்டோம், கொடிகாமம் சந்தைக்கு முன்னால் வண்டி கிறீச்சிட்டு நின்றது. செயின் பல் தாண்டி வால்வு வளைந்துவிட்டது. மரக்கறி லொறியில் சொல்லி அனுப்பி, சிமியோன் அவ்வளவு தூரமும் சைக்கிள் உழக்கிக்கொண்டு மூன்று மணிக்கு வந்து சேர்ந்தான். குந்தியிருந்து அந்த நட்டை விரலால் தொட்டான். சாவி போடாமலே அது சுழன்றது. அவன் தலை நிமிர்த்தி என்னைப் பார்த்தான். நான் கத்தரிக்காய்க் குவியலைப் பார்த்தேன். என்ன பிழை என்று நீ கேட்டாய், அவன் வாய் திறக்க முதல் நான் முந்திக்கொண்டு, கோத்தவன் கோத்த வடிவைப் பாரன் எண்டு சொன்னேன். அதற்குப் பிறகு நீ சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கும், சந்தைக்கே ஞாபகம் இருக்கிறது. உன்னிலும் இருபது வயது மூத்தவனை நீ என்று கூப்பிட்டு, செயின் கோக்கத் தெரியாத உனக்கு ஒரு கராச்சோ, பெண்சாதியின்ரை கொண்டைக்குள்ளை கிடந்த சாமானை எங்கடை தலையிலை கட்டிப்போட்டாய் எண்டாய். அவன், ஓம் தம்பி, என்ரை பிழையாத்தான் இருக்கும், நேரம் போகுது, நீங்கள் வெளிக்கிடுங்கோ எண்டு சொல்லிச் சாவிகளைப் பைக்குள் போட்டான். நீ கிளாலிப் பக்கம் போன ஒரு உழவு மெசினின் பின் பெட்டியில் ஏறிப் போனாய்.

அதோடு நான் வாயை மூடியிருந்தாலும் பாதிப் பாவம்தான். ஊருக்கு வந்து அந்தக் கதையை நூறு தரம் சொன்னேன், ஒவ்வொரு தரமும் வளர்த்தேன். கடைசியில் சிமியோன் கோத்த செயின் எஞ்சினைக் கிழித்துக்கொண்டு நாகபாம்பு மாதிரிப் பாய்ந்து ஒரு பனையைச் சுற்றிப் பிடித்தது என்ற அளவுக்கு வந்துவிட்டது. ஆட்கள் வயிற்றைப் பிடித்துச் சிரித்தார்கள், சிரித்தவர்கள் ஒருவரும் அவனிடம் வண்டி கொண்டுபோகவில்லை. இப்போது சைக்கிளுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருக்கிறான். அவன் மனிசிக்குக் கொண்டைச்செயின் என்று பெயர் வைத்துவிட்டார்கள். லூர்த்தம்மா இப்போது கொண்டை போடுவதில்லை மகன், கோயிலுக்கும் தலைமயிரைப் பின்னித் தொங்கவிட்டுக்கொண்டுதான் போகிறாள்.

சங்கக்கடையிலிருந்து வெறும் கானோடு திரும்பிய அன்று பின்னேரம் அவன் வீட்டுக்குப் போனேன். சிமியோன், நட்டை இளக்கினது நான்தான் எண்டேன். தெரியும் அண்ணை எண்டான். அப்ப ஏன்ராப்பா அந்த இடத்திலை சொல்லேல்லை எண்டு கேட்டேன். தம்பி கடல் தாண்டப் போறார், அதிலை என்ன நடக்குமெண்டு ஆருக்குத் தெரியும், தகப்பன் மாதிரி வளர்த்த உங்களிலை கோவத்தோடை அவர் வள்ளத்திலை ஏறக்கூடாது, என்னிலை கோவிச்சால் காரியமில்லை எண்டான். தேத்தண்ணியும் தந்தான். அதைக் குடித்து முடிக்க எனக்கு ஒரு யுகம் சென்றது.

அடுத்த கிழமை அதே வரிசையில், அதே ஆட்களுக்கு முன்னால் ஆட்கள் குந்தியிருக்கிற ஒரு வாங்கில் ஏறி நின்று, பிழை என்னுடையது, சிமியோன் கோத்த செயினில் ஒரு குறையும் இல்லை என்று சத்தமாகச் சொன்னேன். என்ன நடந்தது தெரியுமா? சிரித்தார்கள். சங்கக்கடை மனேச்சர் சீவரத்தினம், போன கிழமை மாதகலிலை திமிங்கிலத்துக்கு எண்ணெய் மாத்தினவர், இந்தக் கிழமை நட்டு இளக்கினவராம் எண்டு சொல்ல, வரிசை முழுக்க விழுந்து விழுந்து சிரித்தது. சத்தியம் பண்ணினேன், இன்னும் சிரித்தார்கள். சிமியோனும் அங்கே நின்றான், தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு. ஐம்பத்தாறு வருடம் பொய்யாகக் கதைத்துச் சேர்த்த பெயர் மகன், ஒரு உண்மை சொல்லப் போனபோது அது என்னை விடவில்லை.

நீயும் இதைப் படித்துச் சிரித்துவிடுவாயோ என்றுதான் எனக்குப் பயம். ஆகையால் இதைக் கேள். நைன்டி இன்னும் கொட்டிலுக்குள் படங்கு மூடியபடி நிற்கிறது, இறுக்கியின் நட்டில் இரண்டு மூலை தேய்ந்திருக்கிறது. உன் பத்தாம் நம்பர் சாவியின் வாய் விரிந்துபோனது என்று நீதான் என்னிடம் முறைப்பட்டிருந்தாய். சிமியோனின் சாவி எந்த நட்டையும் அப்படித் தின்னாது. நீ இப்போது வேலை தெரிந்தவன், உனக்கு இது விளங்கும்.

நீ சிமியோனுக்கு ஒரு கடிதம் எழுது. சிமியோன் அண்ணை என்று தொடங்கு, நீங்கள் என்றே முழுக்க எழுது. அந்தக் கொண்டையைப் பற்றிச் சொன்னதற்கு லூர்த்தம்மாவிடம் தனியாக மன்னிப்புக் கேள். உன் சொல்லை இந்த ஊர் நம்பும், நீ என்னைப் போல் கதைத்துப் பழகவில்லை. என் கடிதத்துக்குள் வைத்து அனுப்பாதே, அவன் பெயருக்கே நேராக அனுப்பு. என் கையில் கிடைத்தால் நான் அதையும் வாங்கில் ஏறி வாசித்துக் கெடுத்துவிடுவேன். என்னில் கோபித்தாலும் கோபி, நீ இப்போது கரை சேர்ந்துவிட்டாய், இனிக் கோபிக்கலாம்.

குளிருக்குக் காதை மூடு, நேரத்துக்குச் சாப்பிடு, அம்மாவுக்கு உன் படம் ஒன்று அனுப்பு. நோய் நொடி இல்லாமல் நீடூழி வாழ எங்கள் மூவரின் ஆசீர்வாதம். வண்டி பூட்டி முடித்த பிறகு எந்த நட்டையும் இன்னொருதரம் தொட்டுப் பார், யார் சாப்பிடக் கூப்பிட்டாலும்.

இப்படிக்கு,
நட்டை இறுக்காமல் எழும்பிப் போன
உன் குஞ்சியப்பு
க. இளையதம்பி