நீலாம்பாள் செய்த வான உருண்டை

3 செப்டம்பர் 1927, சனி

வரிசையாக எழுதினால் மனம் அடங்குமோ என்னவோ.

1. லண்டனில் செய்த என் சாத்துக்குடி அளவுப் பூகோள உருண்டைக்கு ஜோடி இல்லை. நட்சத்திரங்கள் தீட்டிய வான உருண்டை, ஏலத்தில் எடுத்தபோதே பெட்டியில் இல்லை.
2. அதே அளவில் ஒன்று செய்யச் சொல்லி, காகிதக்கூழ் பொம்மை செய்யும் நீலாம்பாளிடம், மாடியிலிருந்து வானம் பார்த்து நான் வரைந்த படத்தைக் கொடுத்திருந்தேன்.
3. அவள் படத்தை இடம் வலமாக மாற்றித் தீட்டிவிட்டாள். வேலை வீண்.

இன்று போய்ப் பார்த்தேன். நேர்த்தியான கை. ஆனால் சப்தரிஷி மண்டலத்தின் வால் எதிர்ப்பக்கம் வளைகிறது.

"வால் பக்கம் மாறிப் போயிருக்கேம்மா" என்றேன்.

"வானத்த உள்ள குந்திக்கினு பாக்கறோம் சாமி. உருண்டைய வெளிய நின்னுக்கினுதான பாப்பீங்க? அச்சுல இந்தப் பக்கம் இருக்கற கை பொம்மைல அந்தப் பக்கம் வருது. இது தெரியாமயா முப்பது வருசமா பொம்ம போடறேன்?"

பூகோளம் கற்பித்தவன் நான். வாதாடத் தைரியமில்லை. தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

5 செப்டம்பர், திங்கள்

நீலாம்பாளுக்குக் கார்டு போட்டேன்: 'உருண்டை எனக்கு உதவாது.' என் மனைவி ரமாமணி சிரிக்கிறாள். "ரெண்டு தெரு தாண்டக் கார்டா? நேரே போய்ச் சொன்னா கடிச்சுடுவாளோ?"

9 செப்டம்பர், வெள்ளி

அச்சு, கை, பொம்மை. ஒருவேளை—

14 செப்டம்பர், புதன்

குடையை விரித்தேன். அதன் கீழே உட்கார்ந்து, உட்புறத் துணியில் சப்தரிஷிகளுக்கு ஏழு இடத்தில் ஊசி குத்தினேன். பிறகு வெளியே எழுந்து நின்று பார்த்தேன். வால் எதிர்ப்பக்கம். நீலாம்பாள் தீட்டிய பக்கம்.

நல்ல குடை போயிற்று. அது கிடக்கட்டும். அவள் முகத்தில் எப்படி விழிப்பேன்?

17 செப்டம்பர், சனி

அவள் தெருமுனை வரை போய்த் திரும்பிவிட்டேன்.

19 செப்டம்பர், திங்கள்

இன்றும்.

22 செப்டம்பர், வியாழன்

போனேன். "தப்பு என்மேலதாம்மா. அந்த உருண்டையைக் கொடுத்துடு."

அவள் வெயிலில் காய்ந்துகொண்டிருந்த செட்டியார் பொம்மையைக் காட்டினாள்.

"ஒதவாதுன்னு எழுதிட்டீங்க சாமி. செட்டியாரு வயித்துக்கு ஒதவிச்சு."

தொப்பையில் புது வர்ணம், அரைஞாண், வேட்டி மடிப்பு. ஒரு நட்சத்திரம் கூடத் தெரியவில்லை.

"இன்னொண்ணு பண்ண முடியுமா?"

"படத்த கிழிச்சு கூழுல போட்டுட்டேனே." கூழ்ப் பானையை மூடிவைத்தாள். "பதினாறு நாளு சாமி. ஒவ்வொரு புள்ளியும் எண்ணி வச்சேன்."

அந்தச் செட்டியார் பொம்மையையே கேட்டு வாங்கி வந்தேன்.

27 செப்டம்பர், செவ்வாய்

கொலு முதல் நாள். வந்த பெண்கள் எல்லாரும் செட்டியாரின் தொப்பையைப் பார்த்துச் சிரித்தார்கள். ஜோடி இனிக் கிடைக்காது. மங்கிவரும் என் கண்ணை வைத்து இன்னொரு படம் வரைய இயலாது.

மூன்றாம் தேதி எழுதியதில் மூன்றாவது தவறு. நீலாம்பாள் சரியாகத்தான் தீட்டினாள். வேலையை வீணாக்கியவன் நான்.