பத்தாயிரத்து ஒன்பதாவது விளக்கு

26 நவம்பர், புதன்
காலையிலிருந்தே மழை. துணி காயவில்லை.

கோயில் கார்த்திகைக்கு 10,008 விளக்கு. அடுக்கும் கணக்கை என் தலையில் கட்டியவர் அக்கா வீட்டுக்காரர், கோயில் தலைவர். 72 குடும்பம், ஆளுக்கொரு வரிசை, வரிசைக்கு 139. போன வருடம் ஒரு வரிசையில் நாலு கூடிப்போய், மூன்று வீட்டார் இன்னும் பேசிக்கொள்வதில்லை. இந்த முறை ஒன்றுகூட ஏறக்கூடாது.

கணக்குத் தாளைக் கொடுத்துவிட்டு, "என் வரிசை எது அத்தான்?" என்றேன்.

"ஏத்துறது சுமங்கலிங்க மட்டும் லா. நீ வந்து பாரு, சாப்பிட்டுட்டுப் போ."

கணக்குக்கு மட்டும் விதவை ஆகும். பாவி மனுஷன். அக்கா பக்கத்திலேயே நின்றாள், வாய் திறக்கவில்லை. அவள் மேலும் எரிச்சல்.

வாங்க: புளி, உப்பு, லைட்டருக்கு கேஸ். (என் வீட்டுக்காரருடைய சிகரெட் லைட்டர். ஆள் போய் இரண்டு வருடம். சாமி விளக்கு இன்னும் அதில்தான்.)

28 நவம்பர், வெள்ளி
பேனர் கட்டியாயிற்று. 10,009!

"ஒன்னு சேத்தாதான் மங்களம். மொய்கூட அப்படித்தானே வைக்கிறோம்?"

"ஒன்னு கூடினா வரிசை நிக்காது அத்தான்."

"வேற மாதிரி பிரிச்சுப் போடு. கணக்கு டீச்சர்தானே நீ?"

இத்தனை பேருக்கு முன்னால். எல்லாரும் சிரித்தார்கள்.

1 டிசம்பர், திங்கள்
தேர்வு மேற்பார்வை. பிள்ளைகள் எழுத, நான் கடைசி மேசையில் 10,009ஐ வகுத்துக்கொண்டிருந்தேன். 2, 3, 5 பார்த்தாலே தெரியும், ஆகாது. 7: மீதி 6. 11: மீதி 10. 13: மீதி 12. இப்படியே நூறுக்குள் உள்ள பகா எண் எல்லாம். கடைசியாக 97: மீதி 18. அடுத்தது 101, அதன் வர்க்கமே 10,201. தேவையில்லை.

பகா எண்! 10,008 யார் கேட்டாலும் பிரிந்து கொடுக்கும். பக்கத்திலேயே இருக்கும் இது ஒருவருக்கும் மசியவில்லை. எனக்குப் பிடித்துவிட்டது.

சாயங்காலம் அத்தான் போன். "என்னா, பிரிஞ்சிச்சா?"

"பிரியாது. ஒரே வரிசையா வேணா வைக்கலாம். குளுவாங் ரயில் ஸ்டேஷனைத் தாண்டிப் போகும்."

"அலமாக்! வேணும்னே செய்யிற நீ." வைத்துவிட்டார். நல்லா வேணும்.

3 டிசம்பர், புதன்
மழை விட்டது. போகக்கூடாது என்றிருந்தேன். போனேன்.

பழைய தாள்படியே 72 வரிசை. மிச்சம் ஒன்று, தலைவர் கையில். எந்த வரிசைக்குக் கொண்டுபோனாலும் மற்றவர்கள் எகிறினார்கள். "அவங்களுக்கு மட்டும் என்னா நூத்தி நாப்பது?" எடுத்துவிடலாம் என்றால், பேனர் வாசலில் தொங்குகிறது.

குருக்கள் சொன்னார்: "முன்னாடி தனியா வைங்க. முதல்ல அதை ஏத்தலாம்."

அதற்கப்புறம்தான் நிஜமான சண்டை. முதல் விளக்கை யார் ஏற்றுவது? தலைவர் அக்காவைப் பார்த்தார். "உங்க வீட்டுக்குத்தான் வரிசை இருக்கே!" பின்னாலிருந்து சத்தம். இன்னொரு பெண் எழுந்தாள், அவளுக்கும் அதே பதில்.

அக்கா ஒருவழியாக வாய் திறந்தாள். "எந்த வரிசையிலயும் இல்லாதவ ஒருத்திதான் இருக்கா. ரமணி ஏத்தட்டும்."

"சுமங்கலி..." என்று யாரோ இழுத்தார். அவர் வரிசைக்காரர்களே அடக்கிவிட்டார்கள். எழுபத்திரண்டு வீட்டில் ஒரு வீட்டுக்கும் கூடவில்லை, அது போதும் அவர்களுக்கு.

அத்தான் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். என் கண்ணைப் பார்க்காமல் தீப்பெட்டியை நீட்டினார்.

வாங்கவில்லை. கைப்பையில் லைட்டர் இருந்தது.