அந்த இடது கை

கிளீவ்லண்ட்,
3 டிசம்பர் 1991

அன்புத் தங்கை வெர்னாவுக்கு,

பார்சல் கிடைத்தது. செர்ரி ஜாம் பாட்டிலைத் திறந்த அன்றே உன் அண்ணி பாதியைக் காலி செய்துவிட்டாள். உன் தாடை எப்படி இருக்கிறது? குளிர் வந்தால் வலிக்கும் என்றாயே, கழுத்தோடு சேர்த்துக் கம்பளி சுற்றிக்கொள்.

வாக்குச்சீட்டு வந்துவிட்டது. ஓய்வுபெற்ற ஆட்டக்காரர்களில் புகழ்மண்டபத்துக்கு யார் தகுதி என்று எங்களைப் போன்ற பேஸ்பால் நிருபர்களிடம் வருஷம் ஒருமுறை கேட்கிறார்கள் அல்லவா, இந்த ஒரு மாதம் நாங்கள்தான் ராஜாக்கள். முக்கால் பங்குப் பேர் சம்மதித்தால்தான் ஒருவன் உள்ளே போக முடியும். விக் சான்டஞ்சலோவுக்குக் கண்ணை மூடிக்கொண்டு போடுவேன். பத்தொன்பது வருஷம் வீசிய பந்தைப் பிடிக்கும் கேட்சராகக் குந்திக் குந்தி முழங்காலைத் தேய்த்தவன். அல்ஃபான்ஸ் டுப்ரீ விஷயத்தில்தான் ஆபீசில் அடிதடி. அவன் மட்டையால் அடித்தது போதாது என்கிறார்கள்.

ஹாலிஸ் பெயரும் இருக்கிறது. உன்னிடம் மறைக்க மனமில்லை. போன வருஷம் நூலிழையில் தவறினான். இந்த முறை நிச்சயம் என்கிறார்கள். அவனை நான் வாசல்படி ஏற விட மாட்டேன், அது உனக்கே தெரியும். ஆனால் சீட்டில் கேட்பது அவன் பந்துவீச்சை. இருநூற்று அறுபது ஆட்டம் ஜெயித்த இடது கை! வீட்டு விவகாரத்தை வெளியே நிறுத்திவிட்டு ஆட்டத்தை மட்டும் பார்ப்பதுதான் நேர்மை என்று காலமெல்லாம் வாதாடியவன் நான். நீ என்ன சொல்கிறாய்?

உன் அண்ணன்,
லேலண்ட்


அல்பீனா,
9 டிசம்பர்

பிரியமுள்ள அண்ணாவுக்கு,

நலம். கடையில் பண்டிகைக் கூட்டம். சிவப்பு பெயின்ட் கலக்கிக் கலக்கி நகமெல்லாம் ரத்தம் போல இருக்கிறது. முதலாளியம்மா ஹெட்விக் வழக்கம்போல எல்லோரையும் திட்டிக்கொண்டு, எல்லோருக்கும் கடன் கொடுத்துக்கொண்டு இருக்கிறாள்.

டுப்ரீ அடித்தது போதாதா? அவன் நிறத்தைப் பார்த்து ஏழு வருஷம் சின்ன ஊர் அணிகளிலேயே உட்கார வைத்தார்களே, அந்த ஏழு வருஷத்தில் யார் அடிக்க விட்டார்கள் என்று உன் நண்பர்களைக் கேள். பந்தைப் பிடிக்க சான்டஞ்சலோ இல்லாவிட்டால் ஹாலிஸின் வெற்றியில் பாதி இல்லை. மனைவிமார் வரிசையில் உட்கார்ந்து அத்தனையையும் பார்த்தவள் நான்.

இப்போது அந்த இடது கை. அண்ணா, என் தாடையை உடைத்ததும் அதே கைதான். அதற்கென்று அவனுக்கு வேறொரு கை இருக்கவில்லை.

ஆனாலும் போடாதே என்று நான் கேட்கவில்லை. நியாயம் அநியாயம் எல்லாம் எனக்கு எட்டாத தூரத்தில் இருக்கிறது. பயம்தான் பக்கத்தில் இருக்கிறது. அவன் ஜெயித்தால் டிவிக்காரர்கள் மனைவி எங்கே என்று கிளம்புவார்கள். விவாகரத்து மனு போட்டால் முகவரி எழுத வேண்டுமே என்று பயந்து நான் போடவே இல்லை. சட்டப்படி இன்றைக்கும் அவன் மனைவிதான். பெயரை மாற்றிக்கொண்டு ஒளிந்திருக்கும் மூன்றாவது ஊர் இது. கடை வாசலில் யாராவது உயரமாக வந்து நின்றாலே பெயின்ட் டப்பா கையிலிருந்து நழுவுகிறது.

தங்கை,
வெர்னா


கிளீவ்லண்ட்,
20 டிசம்பர்

அன்பு வெர்னா,

உன் கடிதத்தைப் படித்த பிறகு இரண்டு நாள் சீட்டைத் தொடவில்லை. பிறகு சான்டஞ்சலோவுக்கும் டுப்ரீக்கும் போட்டேன். அவனுக்குப் போடவில்லை. தபாலில் சேர்த்தாயிற்று.

நேற்று மதியம் பீர் கடையில் எங்கள் கூட்டம். கஸ் ஹாலரன் என் சட்டையைப் பிடிக்காத குறை. "யோவ், ஹாலிஸுக்குப் போடலையா? மறை கழண்டு போச்சா உனக்கு?"

"பந்த வீணா வீசி நிறைய பேர சும்மா முதல் பேஸுக்கு அனுப்பினவன்," என்றேன். காரணம் என்று வாயில் வந்தது அதுதான்.

"போய்யா! உன் தங்கச்சி அவன விட்டுட்டு ஓடிட்டா. அந்தக் கடுப்பு உனக்கு. அதச் சொல்லேன்."

மேசையே சிரித்தது. ஏன் ஓடினாள் என்று ஒருத்தனும் கேட்கவில்லை. சொல்ல வாய் துடித்தது வெர்னா. சொன்னால் பத்திரிகையில் வரும், வந்தால் உன்னைத் தேடுவார்கள். பீரைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். முடிவு ஜனவரி ஏழாம் தேதி. அவன் தோற்க வேண்டும் என்று உன் அண்ணி சர்ச்சில் வேண்டிக்கொள்கிறாள். இதையெல்லாமா கடவுளிடம் கேட்பது என்றால் முறைக்கிறாள்.

லேலண்ட்


அல்பீனா,
2 ஜனவரி 1992

அண்ணா,

நீ அந்தச் சிரிப்பைப் பொறுத்துக்கொண்டது எனக்காக. அது தெரியும்.

புத்தாண்டு அன்று கடை ரேடியோவில் அவன் குரல் கேட்டது. ஏதோ பேட்டி. "என் வெற்றிக்கெல்லாம் என் மனைவிதான் காரணம்" என்றான். பின்பக்க அறைக்குப் போய் வாளியில் வாந்தி எடுத்தேன். ஹெட்விக் வந்து பார்த்தாள், தண்ணீர் கொடுத்தாள். கதவுக்கு இன்னொரு தாழ்ப்பாள் வாங்கியிருக்கிறேன்.

வெர்னா


கிளீவ்லண்ட்,
10 ஜனவரி

வெர்னா,

உடனே கிளம்பு.

அவன் ஜெயித்துவிட்டான், கேட்டிருப்பாய். இன்று காலை டோனட் பெட்டியோடு வீட்டுக்கு வந்தான். கதவைத் திறந்தவள் உன் அண்ணி. நான் எழுந்து வருவதற்குள் சமையலறைக்குள் வந்து உட்கார்ந்துவிட்டான்.

"என்ன மச்சான், நீ எனக்குப் போடலையாமே? கஸ் சொன்னான். பரவால்ல, உன் ஓட்டு இல்லாமலே வந்துட்டேன்." சிரித்துக்கொண்டே என் தோளில் கையை வைத்தான். எடுக்கவே இல்லை. "வெர்னா எங்க?"

"தெரியாது."

"ஜூலைல மண்டபத்துப் பாராட்டு விழா மேடையில எல்லாப் பொண்டாட்டிங்களும் உட்காருவாங்க. என் பக்கத்து நாற்காலி மட்டும் காலியா கெடந்தா நல்லாவா இருக்கும்? நான் அவள ஒண்ணும் பண்ண மாட்டேன் மச்சான். பண்ணுவேனா?"

காபிக்கு ஸ்பூன் எடுக்கிறேன் என்று தானே இழுப்பறையைத் திறந்தான். உன் அண்ணி எந்தக் காகிதத்தையும் தூக்கிப் போட மாட்டாள். நீ பார்சலுக்குச் சுற்றிய காகிதத்தை இழுப்பறையில் விரித்திருந்தாள். தபால் முத்திரையை எழுத்துக் கூட்டி வாசித்தான். "அல்பீனா. மிச்சிகன். அங்க மீன் நல்லா இருக்கும்னு சொல்லுவாங்க." டோனட்டை மென்றுகொண்டே போய்விட்டான்.

உன் கடைக்குப் போன் போட்டுப் போட்டுப் பார்க்கிறேன். பனிப்புயலில் லைன் இல்லை. வடக்கே சாலையும் மூடியிருக்கிறது. அதனால் அவனும் உடனே வர முடியாது. இதை அவசரத் தபாலில் விடுகிறேன். ஊர்ப் போலீஸ் ஷெரிப்பிடம் சொல். இல்லை, முதலில் கிளம்பு. எந்த ஊர் என்று எனக்குக்கூட எழுதாதே.

அண்ணன்


அல்பீனா,
19 ஜனவரி

அன்புள்ள அண்ணாவுக்கு,

உயிரோடு இருக்கிறேன். முதலில் அதைப் படித்துக்கொள்.

உன் தபால் வந்த அன்றே பையைக் கட்டிக்கொண்டு பஸ் நிலையம் போனேன். டிக்கெட் கொடுப்பவர், "எந்த ஊரும்மா?" என்றார். வாயைத் திறந்தேன், ஊர் பெயர் ஒன்றும் வரவில்லை. பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். பையைத் தூக்கிக்கொண்டு கடைக்கே திரும்பிவிட்டேன். ஹெட்விக்கிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஷெரிப் ஆபீஸுக்கு அவள்தான் தகவல் அனுப்பினாள்.

வியாழக்கிழமை காலை, என் போட்டோவைக் காட்டி ஊருக்குள் விசாரித்துக்கொண்டே அவன் வந்தான். கடையில் ஏழெட்டுப் பேர். அவனை அடையாளம் தெரிந்ததும் ஒரே பரபரப்பு. ஒரு மீன்பிடிக்காரர் தொப்பியைக் கழற்றிக் கையெழுத்துக்கு நீட்டினார். ஹாலிஸ் பேனாவோடு என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"வெர்னா, உன்னக் கூட்டிட்டுப் போக வந்திருக்கேன். வண்டியில ஏறு."

கவுன்டரைப் பிடித்துக்கொண்டேன். "ஹாலிஸ், என் தாடை எப்படி உடஞ்சதுன்னு இவங்களுக்குச் சொல்லு," என்றேன்.

"பாவம், இவளுக்கு உடம்பு சரியில்ல," என்றான் மற்றவர்களிடம், மெல்லிய குரலில்.

"நான் சொல்றேன்," என்று ஆரம்பித்தேன். சமையலறை, மூடிய ஜன்னல், ஆஸ்பத்திரியில் படியில் விழுந்தேன் என்று சொன்னது, எல்லாம். நிறுத்தவில்லை. "வாய மூடு," என்றான். நான் மூடவில்லை. அவன் இடது கை மேலே எழுந்தது, அண்ணா. வேண்டுமென்று தூக்கினான் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை, பழக்கம். தோள் வரைக்கும் எழுந்து அப்படியே நின்றது. கடையே அதைப் பார்த்தது.

மீன்பிடிக்காரர் தொப்பியைப் பிடுங்கித் தலையில் வைத்துக்கொண்டார்.

"பெயின்ட் வாங்க வந்தியா? ஆணி வாங்க வந்தியா?" என்றாள் ஹெட்விக். "ரெண்டும் இல்லன்னா வெளிய போ." அதற்குள் இரண்டு பேர் எனக்கும் அவனுக்கும் நடுவில் வந்து நின்றிருந்தார்கள். போய்விட்டான். ஷெரிப்பின் ஆள் ஊர் எல்லை வரை பின்னாலேயே போனான்.

மண்டபத்தில் அவன் பெயர் இருக்கட்டும். அதை இறக்கச் சொல்லி நான் யாரிடமும் போகப் போவதில்லை. மறுநாளே விவாகரத்து மனு போட்டேன். முகவரி என்ற இடத்தில் முழுசாக எழுதினேன், என் சொந்தப் பெயரில்.

பயம் போகவில்லை. வெளியே வண்டி நின்றால் இன்னும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டுத்தான் கை வேலையைத் தொடர்கிறேன். அவன் மறுபடி வரமாட்டான் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் நாளைக் காலை கடைக்குப் போகிறேன்.

ஏரியில் ஐஸ் உருகியதும் நீயும் அண்ணியும் வாருங்கள். பெயின்ட் கடை வெர்னா என்று கேளுங்கள். யாராக இருந்தாலும் வழி சொல்வார்கள்.

தங்கை,
வெர்னா