கோர்வை அறுந்தது

1971 ஜூலை 12, திங்கள்

இனி ராஜத்தோடு உட்கார்ந்து மதியச் சாப்பாடு சாப்பிட என்னால் ஆகாது.

நானும் அவளும் சேர்ந்து நடத்தும் ஏழாம் வகுப்பில் நன்றாகப் படிக்கிற பிள்ளையையும் திணறுகிற பிள்ளையையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்தோம். அதற்குக் கோர்வை என்று பெயர் வைத்ததே அவள்தான். உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம், கோர்த்து நெய்தால்தான் நம்மூர்ச் சேலை என்பாள். தறி நெய்கிற பிள்ளையார்பாளையத்துப் பெற்றோருக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

இன்று தலைமையாசிரியர் கூப்பிட்டார். நாளை முதல் கெட்டிக்காரர்கள் ஏ பிரிவு, ராஜத்துக்கு. மற்றவர்கள் பி, எனக்கு.

"ராஜம் டீச்சர்தாம்மா கேட்டாங்க. போன வாரமே முடிவாயிடுச்சே, உங்ககிட்ட சொல்லலியா?"

போன வாரம் முழுக்க என் எலுமிச்சைச் சாதத்தைப் பாதி தின்றாளே!

போய்க் கேட்டேன். டிபன் டப்பாவை மூடிக்கொண்டே சொன்னாள்: "கோர்வைன்னா ரெண்டு பங்கு வேலைமா. என்னால முடியல." என் முகத்தைப் பார்க்கவில்லை.

வகுப்பில் சொன்னதும் வசந்தா பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். அவளிடம் கேட்டுக் கேட்டுத்தான் பக்கத்தில் இருக்கும் கோகிலா பின்னக் கணக்கு வரைக்கும் வந்திருந்தாள். கோகிலா என் மேசைக்கு வந்தாள்.

"டீச்சர், மக்குங்கதான் பி-யாமே? நீங்களும் பி-ன்னு சொல்றாங்க. அப்ப நீங்களும் மக்கா டீச்சர்?"

கிண்டல் இல்லை. நிஜமாகவே கேட்டாள்.

ஒரு வாரம் எதிரில் உட்கார்ந்து தின்றவளின் முகத்தைப் படிக்கத் தெரியாதவளை வேறு என்னவென்று சொல்வது?

"ஆமாண்டி" என்றேன்.