அண்ணத்தில் கறுப்பு

மயிலாப்பூர்
3 பிப்ரவரி 1947

அன்புள்ள மாமிக்கு இனாயத்தோட சலாம்.

ஷாகிராவோட நாப்பதாம் நாள் ஃபாத்திஹா முடிஞ்சு ஆம்பூருக்குப் போனவங்க, ஒரு வரி எழுதல. ஆஸ்பத்திரி லேபுக்குப் போறேன், வரேன். பால்காரன் இன்னும் ரெண்டு பேருக்குத்தான் ஊத்தறான். வேணாம்னு சொல்ல வாய் வரல.

ஆம்பூருக்குக் கிளம்பின அன்வர் பாஷாகிட்ட உங்க சர்க்கரை ஊசி மருந்து கொடுத்தனுப்பினேன். வந்துச்சா? சூடு படாம தண்ணிப் பானை பக்கத்துல வைங்க.

உங்க மருமகன்
இனாயத்


ஆம்பூர்
9 பிப்ரவரி 1947

இனாயத்துக்கு,

மருந்து வந்துது. பிரிக்கல. ஊசியையே விட்டுட்டேன்.

பக்ரீதுக்கு மிஸ்ஸிப் பொடி வாங்கித் தந்தீங்க. பல்லுக்கும் ஈறுக்கும் கறுப்பு தீட்டிக்கினு எம் பொண்ணு கண்ணாடியை விட்டு நகரல. அப்புறம் காய்ச்சல்ல கிடந்தப்ப, அண்ணத்துல கறுப்பா கீதுன்னா. நீங்க இன்னா சொன்னீங்க? "மிஸ்ஸி அங்கேயும் ஏறிடுச்சா? இன்னொரு டப்பா வாங்கணும் போல கீதே"ன்னு சிரிச்சீங்க. அந்த வாரமே போயிட்டா.

அந்தப் பொடில இன்னா விஷம் இருந்துச்சோ. உங்க கையால வர்ற எதுவும் எனக்கு வேணாம்.

ஷாகிராவைப் பெத்தவ
ஹாஜிரா பீ


மயிலாப்பூர்
13 பிப்ரவரி 1947

மாமிக்கு,

டாக்டர் அந்தக் கறுப்பைச் சுரண்டி எங்க லேபுக்குத்தான் அனுப்பினாரு. கண்ணாடித் தகட்டுல வச்சு மைக்ராஸ்கோப்புல பார்த்தது நான்தான். மிஸ்ஸியா இருந்தா தூளா தெரியும். தெரிஞ்சது நூலு. அகலமா, கிளைகிளையா. பூஞ்சணம் மாமி. பழைய ரொட்டில பூக்குதே, அந்த ஜாதி. நல்ல உடம்பை ஒண்ணும் பண்ணாது. ஷாகிராவுக்குக் காய்ச்சல்ல சர்க்கரை எகிறிக் கிடந்துச்சு. அப்படிப்பட்ட உடம்புல மூக்கு வழியா இறங்கி அண்ணத்தைத் தின்னுடும். இதுக்கு இன்னும் மருந்து இல்லன்னாரு டாக்டர்.

தகட்டுல அவ பேரை ஒட்டினேன். அடுத்த தகட்டை எடுத்தேன்.

உங்களுக்கும் அதே சர்க்கரை. என்னைத் திட்டுங்க, கடுதாசி போடலன்னாலும் சரி, ஊசியை விடாதீங்க. கன்னம் மரத்துப் போனா, மூக்கு ஒரு பக்கம் அடைச்சா, அன்னிக்கே ரயில் ஏறுங்க.

இனாயத்


ஆம்பூர்
18 பிப்ரவரி 1947

மவனே இனாயத்,

உன் மாமா விளக்கைப் பிடிக்க, கண்ணாடில அண்ணாந்து பார்த்தேன். அண்ணம் செவப்பாத்தான் கீது. "இத்தினி பேரைத் திட்டற வாய்க்கு ஒண்ணும் ஆவாதுடி"ன்றாரு.

மருந்தைப் பிரிச்சேன். ஊசி போட்டுக்கினேன். இருந்தாலும் நீ ஒரு தரம் பாரு. வெள்ளிக்கிழமை வண்டில வரேன்.

அந்தத் தகட்டைப் பார்த்துட்டு வந்துதான், அன்னிக்கு ஒண்ணும் காட்டிக்காம எனக்கு டீ போட்டுக் கொடுத்தியா?

பால்காரனை நிறுத்தாத.

உன் மாமி